கூடைப்பந்துப் பையன் பாஸ் ரஷர் ஆகலாம்: டெக்சஸுக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

என் மகன் கோவையில் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தவன். பத்தாம் வகுப்பின் நடுவில், ஒரு ஜனவரி மாதம், டாலஸை ஒட்டிய புறநகர் ஒன்றுக்குக் குடிவந்தோம். அப்போது அவன் உயரம் ஆறடி நான்கு அங்குலம், எடை 187 பவுண்டு. பள்ளி நடைபாதையில் அவனைப் பார்த்த அமெரிக்கன் ஃபுட்பால் கோச், பெயரைக்கூடக் கேட்காமல் "கையை நீட்டு, பார்க்கலாம்" என்றாராம். இன்று அவன் டெக்சஸில் ஒரு சிறிய கல்லூரியில் டிஃபென்சிவ் எண்ட். இடையில் முதல் வருடத்து வசந்தகாலப் பயிற்சி முழுவதும் எங்கள் கைவிட்டுப் போனது. உடம்பில் குறை ஒன்றுமில்லை, ஒரே ஒரு தாள் சரியாக இல்லை. அது உங்கள் வீட்டில் நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆட்டமே புதிது என்றால் இவ்வளவு தெரிந்தால் போதும். எதிரணியில் பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். அவர் எறிவதற்குள் அவரைப் பிடித்துச் சாய்ப்பவர் பாஸ் ரஷர். வரிசையின் ஓரத்தில் நிற்பதால் எட்ஜ், டிஃபென்சிவ் எண்ட் என்றும் சொல்கிறார்கள். குறுக்கே முந்நூறு பவுண்டுக்காரர் ஒருவர் மறித்து நிற்பார், அவர் டேக்கிள். கையில் இருப்பது இரண்டரை, மூன்று நொடி. மற்ற இடங்களைப்போல சின்ன வயதிலிருந்தே ஆடியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இந்த இடத்துக்கு இல்லை. அதனால்தான் கோச்சுகள் வேறு விளையாட்டுப் பிள்ளைகளைத் தேடி வருகிறார்கள்.

1. பையன் எதிலிருந்து வருகிறான் என்று பாருங்கள்

கூடைப்பந்துப் பிள்ளைகளிடம் கை நீளமும் முதல் அடியின் வேகமும் இருக்கும். நிமிர்ந்தே நிற்பதுதான் அவர்களின் பெரிய குறை. மல்யுத்தப் பிள்ளைகளுக்குத் தாழ்ந்து நிற்பதும் கைச்சண்டையும் இயல்பாகவே வரும், ஆனால் பிடித்த பிடியை விடமாட்டார்கள். இங்கே பிடித்துக்கொண்டு நின்றால் மூன்று நொடியும் போய்விடும். குண்டு, வட்டு எறிகிறவர்களிடம் வெடித்துக் கிளம்பும் பலம் உண்டு. ஓடும்போது திசை மாற்றத் தனியாகக் கற்க வேண்டும். ஃபுட்பாலிலேயே டைட் எண்டாக (தாக்கும் அணியில் மறிப்பதும் பந்தைப் பிடிப்பதும் செய்பவர்) ஆடும் பையனுக்குத்தான் மாற்றம் எல்லோரையும்விடச் சுலபம். ஜே. ஜே. வாட் சென்ட்ரல் மிச்சிகனில் டைட் எண்ட், விஸ்கான்சினுக்கு மாறிய பிறகுதான் டிஃபென்சிவ் எண்ட். கானர் பார்வின் சின்சினாட்டி கல்லூரியின் கடைசி வருடமான 2008-இல்தான் டைட் எண்டிலிருந்து இந்தப் பக்கம் வந்தார்; அடுத்த வருடமே தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் வீரர் தேர்வில் இரண்டாம் சுற்றில் எடுக்கப்பட்டார்.

தாமதமாகிவிட்டதோ என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் பெயர் எசெக்கியல் ஆன்சா. கானாவிலிருந்து பிரிகாம் யங் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர், கூடைப்பந்து அணியில் இடம் கிடைக்காமல் 2010-இல் ஃபுட்பால் பக்கம் போனார். 2013-இல் என்எஃப்எல் தேர்வில் ஐந்தாவது ஆளாக எடுக்கப்பட்டார். எஸ்தோனியாவின் மார்கஸ் ஹன்ட் 2006-இல் குண்டு, வட்டு இரண்டிலும் உலக ஜூனியர் சாம்பியன். அவரும் கல்லூரிக்கு வந்த பிறகுதான் ஹெல்மெட் போட்டார். இவர்கள் அபூர்வமானவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் பதினாறு வயதில் தொடங்குவது தாமதம் இல்லை என்பதற்கு இந்த இரண்டு பேர் போதும்.

2. பயிற்சிக்கு முன்னால் தாள்கள்

நாங்கள் சறுக்கியது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

*மருத்துவப் பரிசோதனைப் படிவம்.* டெக்சஸ் அரசுப் பள்ளி விளையாட்டை நடத்துவது யூஐஎல் என்ற அமைப்பு. அதற்கென்று அச்சிட்ட படிவம் இருக்கிறது. முன்பக்கம் நாம் நிரப்பும் நோய் வரலாறு, பின்பக்கம் மருத்துவர் கையொப்பம். நாங்கள் போன கிளினிக்கில் "விளையாடத் தகுதியானவர்" என்று தங்கள் லெட்டர்ஹெட்டில் அழகாக எழுதிக் கொடுத்தார்கள். பள்ளி ஏற்கவில்லை. அடுத்த அப்பாயின்ட்மென்ட் மூன்று வாரம் கழித்துதான் கிடைத்தது, அதற்குள் வசந்தகாலப் பயிற்சியே முடிந்துவிட்டது. பையன் தினமும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வந்தான். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. படிவத்தை அச்சிட்டு நீங்களே கையோடு கொண்டுபோங்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அங்கேயே முடித்துவிடலாம் என்று எண்ணாதீர்கள். இங்கே உரிமம் பெற்றவர் கையொப்பம்தான் செல்லும். பல பள்ளி மாவட்டங்கள், குறிப்பிட்ட ஒரு தேதிக்குப் பிறகு எடுத்த பரிசோதனையைத்தான் அடுத்த கல்வியாண்டுக்கு ஏற்கும். அந்தத் தேதியைப் பள்ளியில் வீரர்களின் காயங்களைக் கவனிக்கும் அத்லெடிக் ட்ரெய்னரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதயத்துக்கு ஈசிஜி எடுத்துக்கொள்ளும் விருப்பமும் அந்தப் படிவத்தில் இருக்கும். கட்டாயம் இல்லை, செலவும் நம்முடையது. எடுத்துவிடுங்கள். நம் குடும்பங்களில் இதய நோய் வரலாறு இருக்கிறதா என்று கேட்கும் இடத்தையும் அவசரத்தில் "இல்லை" என்று நிரப்பாமல், ஊருக்கு ஃபோன் போட்டுக் கேட்டு எழுதுங்கள்.

*ஒப்புதல் படிவங்கள்.* தலையில் அடிபட்டால் என்ன செய்வார்கள், திடீரென்று இதயத் துடிப்பு நின்றுபோவது, ஸ்டீராய்டு என்று தனித்தனிப் படிவங்கள். பெரும்பாலும் இணையத்திலேயே கையொப்பமிடலாம், பெற்றோர் கணக்கு தனி, மாணவர் கணக்கு தனி. இரண்டு பேரும் கையொப்பம் இட்டால்தான் பச்சை நிறம் காட்டும்.

*பெயர்.* இது நமக்கே உரிய சிக்கல். என் மகன் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. விசாவில் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யூ என்று வந்துவிட்டது, "முதற்பெயர் தெரியவில்லை" என்பதன் சுருக்கம். பள்ளி அதையே பதிந்துகொண்டது. அணியின் முதல் பட்டியலில் அவனுக்கு அச்சான முதற்பெயரும் அதுதான். கோவை மதிப்பெண் அறிக்கையிலோ பெயரும் இனிஷியலும் மட்டும். பிறப்புச் சான்றில் பெயர் இன்னொரு மாதிரி. பள்ளியில் சேர்க்கும் அன்றைக்கே மூன்றையும் ஒன்றாகக் கொடுத்து, மூன்றும் ஒரே ஆள்தான் என்று பதிவு அலுவலரிடம் குறித்துவைக்கச் சொல்லுங்கள். கல்லூரிக் கட்டத்தில் சரிசெய்யப் பார்த்தால் பல மடங்கு அலைச்சல்.

*ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் அறிக்கை.* ஊரில் யாரும் மதிக்காத தாள் இது. அங்கே பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மட்டும்தான் கணக்கு. இங்கே உயர்நிலைப் பள்ளி என்றால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. கல்லூரி விளையாட்டுத் தகுதிக்கு அந்த நான்கு வருடமும் வேண்டும். பத்தாம் வகுப்பின் பாதியில் கிளம்பிவிட்டதால் எங்களிடம் பொதுத்தேர்வுச் சான்றும் இல்லை. பழைய பள்ளிக்கு மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் அனுப்பினோம், பதிலே இல்லை. கடைசியில் என் தம்பி நேரில் நான்கு முறை போய் உட்கார்ந்து, முத்திரையோடு வாங்கி அனுப்பினான். ஏறக்குறைய நான்கு மாதம். நீங்கள் இன்னும் கிளம்பவில்லை என்றால், டிசி வாங்கும் அதே நாளில் ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு அரையாண்டு அறிக்கைகளையும் முத்திரையோடு இரண்டு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள்.

*வேறு அமெரிக்கப் பள்ளியிலிருந்து மாறினால்* பிஏபிஎஃப் என்ற, முந்தைய பள்ளியில் விளையாடியதைப் பற்றிய படிவம் தனியாக வேண்டும். பழைய பள்ளியும் அதில் கையொப்பமிட வேண்டும். ஃபுட்பாலுக்காகவே வீடு மாறினீர்கள் என்று தெரிந்தால் ஒரு வருடம் முதல் அணியில் ஆட முடியாது. நல்ல அணி என்று யாரோ சொன்னார்கள் என்பதற்காக வாடகை வீட்டை மாற்றாதீர்கள்.

இன்னும் இரண்டு விதி. செப்டம்பர் 1 அன்று பத்தொன்பது வயது நிரம்பியிருக்கக் கூடாது. ஒன்பதாம் வகுப்பில் நுழைந்ததிலிருந்து தொடர்ந்து நான்கு வருடம்தான் தகுதி. ஆங்கிலம் பழகட்டும் என்று பையனை ஒரு வகுப்பு கீழே சேர்க்கும் பெற்றோர் இங்கே நிறைய. சேர்க்குமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

3. நாட்காட்டி

சீசன் தொடங்குவது ஆகஸ்டில் என்றாலும் இடம் பிடிக்க வேண்டியது ஜனவரி, பிப்ரவரியில். அடுத்த வருடப் பாடங்களைத் தேர்வு செய்யும் படிவம் அப்போதுதான் வரும். அதில் "அத்லெடிக்ஸ்" ஒரு பாடவேளையாக இருக்கும். பயிற்சியில் பாதி அந்த வேளையில்தான் நடக்கிறது. கோச்சின் கையொப்பம் இல்லாமல் கவுன்சலர் அதைப் போட்டுத்தர மாட்டார். முதலில் கோச்சைப் பாருங்கள், பிறகு கவுன்சலரை.

ஏப்ரல் கடைசியிலிருந்து மே வரை வசந்தகாலப் பயிற்சி. புதிதாக வரும் பையனுக்கு ஆகஸ்டைவிட இதுதான் முக்கியம், ஏனென்றால் கோச்சுக்குக் கற்றுத்தர நேரம் இருக்கும். ஆகஸ்ட் வந்துவிட்டால் முதல் ஆட்டத்துக்கான தயாரிப்பு, புதியவனைக் கவனிக்க ஆள் இருக்காது. ஜூன், ஜூலையில் காலை நேர எடைப்பயிற்சி. ஆகஸ்டில் முதல் சில நாள் ஹெல்மெட் மட்டும், பிறகு தோள்கவசம், அதன் பிறகுதான் முழுக் கவசம். டெக்சஸ் வெயிலுக்கு உடம்பு பழகட்டும் என்று வைத்த விதி இது, குறுக்குவழி தேடாதீர்கள்.

பையனின் பழைய விளையாட்டை விடச் சொல்லாதீர்கள். என் மகன் நவம்பரில் ஃபுட்பால் முடிந்ததும் கூடைப்பந்துக்குப் போனான். கால் வேகம் குறையாமல் இருந்தது அதனால்தான். தங்கள் விளையாட்டை மட்டும் ஆடச் சொல்லும் கோச் கிடைத்தால், பணிவாக, ஆனால் உறுதியாகப் பேசுங்கள்.

சீசனுக்குள் ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போனால் குறைந்தது மூன்று வாரம் ஆட்டம் கிடையாது. கணக்கில் 95 வாங்குகிற பிள்ளைகள் ஆங்கிலத்தில் 68 வாங்கி உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

4. முதல் அடி

பாஸ் ரஷர் கற்றுக்கொள்ள வேண்டியதில் பாதி இந்த ஒரு அடிதான். பந்து அசைந்ததும் மற்ற எல்லோரையும்விட முன்னால் கிளம்ப வேண்டும். கூடைப்பந்தில் எதிராளியின் இடுப்பைப் பார்த்து நகர்வோம். இங்கே பார்க்க வேண்டியது பந்தை மட்டும். குவார்ட்டர்பேக் கத்துவதைக் கேட்டுக் கிளம்பினால் ஏமாந்து ஆஃப்சைடு, ஐந்து யார்டு அபராதம்.

வீட்டிலேயே செய்யலாம். துடைப்பக் கட்டையின் முனையில் ஒரு டென்னிஸ் பந்தைக் கட்டினேன். பையன் ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து நிற்பான். நான் எதிரே, தரையோடு தரையாக வைத்த பந்தைத் திடீரென்று இழுப்பேன். சில சமயம் கத்துவேன், இழுக்க மாட்டேன். அசைந்தால் மறுபடி முதலிலிருந்து. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை, அதற்கு மேல் வேண்டாம். களைத்த காலில் பழகினால் மெதுவாகக் கிளம்புவதுதான் பழகும்.

முதல் வாரம் அவன் எவ்வளவு வேகமாகக் கிளம்பினாலும் கோச் திருப்தி அடையவில்லை. ஏன் என்று புரியவில்லை. பின்குதிகாலுக்குப் பின்னால் ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, ஃபோனில் மெதுவேகத்தில் படமெடுத்தேன். தெரிந்துவிட்டது: முன்னால் பாயுமுன் பின்கால் ஒரு கையகலம் பின்வாங்கிக் கோட்டை மிதிக்கிறது. நின்றுகொண்டே கிளம்பும் விளையாட்டுகளிலிருந்து வரும் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் இருக்கும். கோட்டை மிதிக்காமல் பின்கால் நேராக முன்னே வரும்வரை வேறு எதையும் தொடவில்லை. ஆறு வாரம் ஆனது.

நிற்கும் நிலையைச் சோதிக்க ஒரு வழி: தரையில் ஊன்றிய கையை நீங்கள் தட்டிவிட்டால் பையன் முன்னால் சாய வேண்டும். சாயாமல் அப்படியே நின்றால் பாரம் பின்னால் இருக்கிறது.

அடுத்தது வளைவு. டேக்கிளைச் சுற்றி ஓடும்போது சைக்கிள்காரன் திருப்பத்தில் சாய்வதுபோல உள்பக்கம் சாய வேண்டும். தோட்டத்துத் தண்ணீர்க் குழாயைப் பதினைந்தடி அகல வட்டமாகப் போட்டு, உள்கை புல்லைத் தொடும்படி சுற்றி ஓடவிட்டேன். கபடியில் ஓரத்தில் நிற்பவன் முட்டியை மடக்கித் தாழ்ந்து காத்திருப்பானே, அந்த உயரத்தில் ஓடு என்றேன். கோச் ஒரு மாதமாக ஆங்கிலத்தில் சொன்னது அந்த ஒரு வார்த்தையில் அவனுக்குப் புரிந்தது.

5. கைகள்: ஒரு வித்தை போதும்

இணையத்தில் ரிப், ஸ்விம், ஸ்பின், கோஸ்ட் என்று இருபது வித்தைகள் கிடைக்கும். என் மகன் எட்டு கற்றான், ஆட்டத்தில் ஒன்றும் வரவில்லை. மூன்று நொடியில் யோசிக்க நேரம் ஏது? ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், அதை மறித்தால் அடுத்து என்ன என்று இன்னொன்று. நீளக் கைப் பிள்ளைக்கு லாங் ஆர்ம்: ஒரே கையை நீட்டி டேக்கிளின் நெஞ்சில் ஊன்றித் தள்ளுவது. ஒரு கையை நீட்டும்போது தோளும் திரும்புவதால், இரண்டு கையையும் சேர்த்து நீட்டுவதைவிட எட்டம் அதிகம். மல்யுத்தக்காரருக்கு மணிக்கட்டை வெட்டித் தட்டிவிட்டு, அக்குளுக்குக் கீழே கையை நுழைத்துப் போவது சீக்கிரம் வரும்.

தலை எப்போதும் நிமிர்ந்து, கண் எதிரே. தலை குனிந்து முட்டுவது கழுத்துக்கு ஆபத்து. இதில் மட்டும் கோச் கண்டிப்பாக இல்லை என்று தோன்றினால் நேரில் போய்க் கேளுங்கள். அடிபட்டுத் தலைசுற்றல் என்றால் அன்று மறுபடி களம் இறங்கக் கூடாது. மருத்துவர் எழுதித் தராமல் திரும்பவும் முடியாது. "பரவாயில்லை அப்பா" என்று பையன் சொல்வான். நம்பாதீர்கள்.

முதல் வருடம் பெரும்பாலும் மூன்றாவது டவுனில் (மூன்றாவது முயற்சியில்), எதிரணி எறிந்தே ஆகவேண்டிய நேரத்தில் மட்டும்தான் இறக்குவார்கள். ஓடிவரும் ஆட்டத்தில் ஓரத்தைக் காப்பது தனிப் பாடம், அது மெதுவாகத்தான் வரும். சாக் (குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு சாய்ப்பது) எண்ணிக்கையைப் பார்த்தும் மனம் வெறுக்க வேண்டாம். கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்து பதினொன்றாம் வகுப்பில் ஃபுட்பாலுக்கு வந்த ஒடாஃபே ஓவே, பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 2020 சீசனில் ஒரு சாக்கூட எடுக்கவில்லை. அடுத்த ஏப்ரலில் முதல் சுற்றில் 31-ஆவதாகத் தேர்வானார். குவார்ட்டர்பேக்கை எத்தனை முறை அவசரப்படுத்தினான் என்று நீங்களே நோட்டில் குறித்துவாருங்கள்.

6. எடையும் சாப்பாடும்

187 பவுண்டிலிருந்து 221 வரப் பதினான்கு மாதம் ஆனது, வாரத்துக்கு அரைப் பவுண்டுக்குச் சற்று மேல். அதைவிட வேகமாக ஏற்றினால் முதல் அடி போய்விடும். முதல் மூன்று மாதம் பத்துப் பவுண்டு சீக்கிரம் ஏற்றி, வட்ட ஓட்டத்தில் மூச்சு வாங்கியதைப் பார்த்துக் குறைத்தோம். காலையில் நான்கு முட்டையும் தோசையும், பள்ளிக்கு இரண்டு டப்பா, பயிற்சி முடிந்த அரைமணிக்குள் பாலும் வாழைப்பழமும், இரவு கோழி, பருப்பு, சோறு. சைவ வீடென்றால் பனீர், கொண்டைக்கடலை, தயிர், சோயாவை வைத்தே செய்யலாம், அளவுதான் முக்கியம். கடையில் விற்கும் பொடிகளை அத்லெடிக் ட்ரெய்னரிடம் காட்டாமல் வாங்காதீர்கள்.

7. செலவு

ஹெல்மெட், தோள்கவசம் பள்ளி தருகிறது. எங்கள் முதல் வருடக் கணக்கு: மருத்துவப் பரிசோதனை 40 டாலர், கிளீட்ஸ் என்ற முள் ஷூ 110, கையுறை 45, பல்காப்பு 15. கோடையில் கல்லூரிகள் நடத்தும் ஒருநாள் முகாம் நான்கு, ஒவ்வொன்றும் 60 டாலர் வாக்கில். தனிப் பயிற்சியாளரிடம் ஆறு முறை, தடவைக்கு 70. மளிகையில் மாதம் 150 கூடியது. தனிப் பயிற்சி இல்லாமலே இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது, முகாம்கள்தான் பயன்பட்டன. காப்பீட்டில் டிடக்டிபிள், அதாவது நம் கையிலிருந்து முதலில் கட்ட வேண்டிய தொகை, எவ்வளவு என்று சீசனுக்கு முன்பே பாருங்கள். முழங்கால் ஸ்கேன் ஒன்று எடுத்தாலே பெரிய தொகை.

ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு "கல்லூரிக் கோச்சுகளிடம் கொண்டுசேர்க்கிறோம்" என்று சொல்பவர்கள் ஃபோன் செய்வார்கள். பணம் கட்டாதீர்கள். பள்ளி அணி ஆட்டங்களைப் பதிவு செய்யும் ஹடல் கணக்கில் பையனே இரண்டு நிமிடத் தொகுப்பு செய்துகொள்ளலாம். சிறந்த ஐந்து துண்டுகள் முதல் முப்பது நொடிக்குள் வரட்டும். கூடைப்பந்தில் டங்க் செய்த ஒரு காட்சியையும் கடைசியில் சேருங்கள். புதியவனிடம் கோச்சுகள் தேடுவது உடம்பின் திறனைத்தான்.

8. கல்லூரி

பதினொன்றாம் வகுப்பின் செப்டம்பர் 1-லிருந்து டிவிஷன் ஒன்று என்ற மேல்மட்டப் பிரிவுக் கல்லூரிகளின் கோச்சுகள் பையனுக்கு நேரடியாகச் செய்தி அனுப்பலாம். பன்னிரண்டாம் வகுப்பின் டிசம்பர் முதல் வாரத்தில், கல்லூரியில் சேர ஒப்பந்தம் போடும் கையெழுத்துக் காலம். தாமதமாகத் தொடங்கிய பையனுக்கு இந்த இடைவெளி மிகவும் குறுகியது, அதனால் பதினொன்றாம் வகுப்பு சீசன் முடிந்த கையோடு நீங்களே மின்னஞ்சல் அனுப்புங்கள். உயரம், எடை, கை நீளம், பத்து யார்டு ஓட்ட நேரம், மதிப்பெண் சராசரி, காணொளி இணைப்பு: ஆறு வரி போதும்.

கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் தகுதி மையத்தில் பத்தாம் வகுப்பிலேயே பதியலாம். கட்டணம் நூறு டாலரைச் சுற்றி, வெளிநாட்டில் படித்த வருடம் இருந்தால் கூடுதல். டிவிஷன் ஒன்றுக்குப் பதினாறு முக்கியப் பாடங்கள், நான்குக்கு 2.3 சராசரி. பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குமுன் பத்துப் பாடம் முடிந்திருக்க வேண்டும், அதில் ஏழு ஆங்கிலம், கணிதம், அறிவியலில். எஸ்ஏடி என்ற நுழைவுத் தேர்வு இப்போது இதற்குத் தேவையில்லை. கல்லூரிச் சேர்க்கைக்குத் தேவைப்படலாம். டிவிஷன் மூன்றில் விளையாட்டு உதவித்தொகையே கிடையாது. என் மகனுக்குக் கிடைத்தது மதிப்பெண்ணுக்கான உதவி.

கல்லூரியில் சேர்ந்த பிறகு அணியில் கேட்டு நுழையலாம் என்று ஆன்சாவையும் வாட்டையும் காட்டிச் சொல்வார்கள். 2025-இலிருந்து பெரிய கல்லூரிகளின் அணியில் 105 பேர்தான் என்று வரம்பு வந்துவிட்டது. முன்பு உதவித்தொகை இல்லாமல் சேர்ந்தவர்களுக்கு இருந்த இடம் சுருங்கிவிட்டது. எனக்கு நம்பிக்கை தருவது இரண்டு வருடக் கல்லூரிகள்தான். டெக்சஸிலேயே கில்கோர், டைலர், நவாரோ, பிளின் என்று நல்ல அணிகள் இருக்கின்றன. உயர்நிலைப் பள்ளிவரை கூடைப்பந்தே பிரதானமாக இருந்த ஜேசன் பியர்-பால் இரண்டு சமுதாயக் கல்லூரிகளில் ஆடி, ஒரே ஒரு வருடம் தெற்கு ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ஆடி, 2010-இல் 15-ஆவதாகத் தேர்வானார்.

எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கானது) இருக்கும் குடும்பங்களுக்குக் கடைசியாக ஒன்று. உதவித்தொகை வாங்குவதில் தடையில்லை. ஆனால் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குத் தந்து பணம் வாங்கும் என்ஐஎல் ஒப்பந்தங்கள் இப்போது சாதாரணம். எச்-4, எஃப்-1 மாணவர் விசாப் பிள்ளைகளுக்கு இது அனுமதியில்லாத வேலையாகக் கருதப்பட்டு, விசா நிலையே சிக்கலாகலாம். இலவச ஷூவுக்குப் பதிலாக ஒரு பதிவு போடச் சொல்வதும் அதில் சேரலாம். கோச்சோ கல்லூரி அலுவலரோ "ஒன்றும் ஆகாது" என்றால் போதாது. குடியேற்ற வழக்கறிஞர் எழுத்தில் சொன்ன பிறகு மட்டும் பையன் கையெழுத்துப் போடட்டும்.